கடைசி வரி

எங்கள் அப்பா மாயவரத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷின் ஒன்று, கம்போசிட்டர்கள் இரண்டு பேர். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் பிழைப்பு. தேர்தல் வந்தால் மட்டும் பிட் நோட்டீஸ் ஆர்டர்கள் குவியும். அந்த ஒரு மாத வருமானத்தை நம்பித்தான் வீட்டில் பல காரியங்கள் காத்திருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புரூஃப் பார்ப்பது என் வேலை. அப்பா முதலில் பார்க்கச் சொல்வது தலைப்பை அல்ல, கடைசி வரியை. அச்சகத்தின் பெயர், ஊர், வெளியிடுபவர் பெயர் எல்லாம் பொடி எழுத்தில் அதில் இருக்கும். அதில் பிழை இருந்தால் மெஷின் ஓடாது.

அந்த வரிக்கு ஒரு வரலாறு உண்டு. 1867-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. அச்சாகும் எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும். நம் நன்மைக்காக அவன் அதைச் செய்யவில்லை. யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். 1908-ல் பாரதியார் எழுதிவந்த 'இந்தியா' பத்திரிகை மீது அரசு பாய்ந்தபோது, ஆசிரியர் என்று பதிவாகியிருந்த எம். சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். ஒரு பெயருக்கு அவ்வளவு விலை இருந்தது.

சுதந்திரம் வந்த பிறகு அதே வரி வேறு வேலைக்குப் பயன்பட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி, தேர்தல் நோட்டீஸிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

1967 தேர்தல் சமயம். எனக்குப் பதினான்கு வயது. எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். எதிர்த்து நிற்பவரின் குடும்பத்தைப் பற்றி அசிங்கமாக நாலு பாரா. அப்பா படித்துவிட்டுக் கேட்டார்: "கீழே யார் பேரைப் போடறது தம்பி?"

"பேரெல்லாம் எதுக்குண்ணே? ராத்திரியோட ராத்திரியா வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிடுவோம்."

"பேர் போட பயப்படற சேதிய என் மெஷின்ல ஓட்ட மாட்டேன்."

அந்தத் தேர்தலுக்கு அவர்கள் தரப்பு ஆர்டர் முழுவதும் கையை விட்டுப் போயிற்று. அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வார்டில் நின்ற ஒரு பெண்மணி மகளிர் சுயஉதவிக் குழுப் பணத்தில் கைவைத்துவிட்டார் என்று என் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. 'அனைவருக்கும் பகிரவும்' என்று முடிந்திருந்தது. காலைக் காபியோடு படித்தேன். குடும்பக் குழு, பென்ஷனர் குழு இரண்டுக்கும் தட்டிவிட்டேன். அரை நிமிஷ வேலை.

அந்தச் செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அதற்குப் பொருளாம். அன்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் நடைப்பயிற்சியில் என் பத்து வருஷத்து நண்பர் கேட்டார்: "சார், அது உண்மைன்னு உங்களுக்குத் தெரியுமா? அவ என் மருமக."

எனக்கு நாக்கு எழவில்லை. அந்தக் குழுவின் கணக்குப் புத்தகத்தை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரு பைசா குறையவில்லை. இரண்டு குழுக்களிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஆனால் அங்கிருந்து அது எங்கெங்கே போனதோ! அந்தப் பெண் தோற்றுப் போனார். என் செய்தியால்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

அப்பாவின் நாற்காலியில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சில பெரிய கம்பெனிகள். வாட்ஸ்அப் செய்திகள் பூட்டிய உறைபோலப் போகின்றன, கம்பெனியே படிக்க முடியாது. ஆனாலும் விதியை எழுதுவது அவர்கள்தான். 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் பல ஊர்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியும் அப்படித்தான் இறந்தார். அந்த ஜூலையில் கம்பெனி ஒரு முடிவு எடுத்தது: இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது. நல்லதுதான். ஆனால் அதை எந்தச் சட்டசபையும் விவாதிக்கவில்லை.

அமெரிக்காவில் 2021 ஜனவரியில் பதவியில் இருந்த அதிபர் டிரம்ப்பின் கணக்கையே ட்விட்டர் மூடியது. அடுத்த வருஷம் ஈலான் மஸ்க் 44 பில்லியன் டாலருக்கு அந்தக் கம்பெனியை வாங்கினார். கணக்கு திறந்தது. மூடியதும் ஒரு முதலாளி, திறந்ததும் ஒரு முதலாளி. அப்பா மறுத்தால் அடுத்த தெருவில் இன்னோர் அச்சகம் இருந்தது, அங்கேயும் அதே சட்டம் இருந்தது. இங்கே அடுத்த தெருவே இல்லையே!

முதலில் அனுப்பியவர் யார் என்று தேவைப்பட்டால் சொல்ல வேண்டும் என 2021-ல் நம் அரசு விதி கொண்டுவந்தது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. மொட்டைக் கடுதாசியால் ஒரு குடும்பம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். பெயர் தெரிந்ததால் சிறைக்குப் போன சீனிவாசனையும் மறக்க முடியவில்லை.

சட்டம் எப்படியோ போகட்டும். என் வரைக்கும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எதையாவது அனுப்ப விரல் போனால், அதன் கீழே 'வெளியிடுபவர்' என்று என் பெயரும் தெருவும் பொடி எழுத்தில் இருப்பதாக நினைத்துப் பார்ப்பேன். பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடுகிறது.

போன பொங்கலுக்கு நண்பர் வீட்டுக்குப் போனேன். அந்த மருமகள்தான் காபி கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். நண்பர் மட்டும் இன்னும் நடைக்கு வரவில்லை.