நான்கு ஷில்லிங் மூன்றானபோது

1925 ஏப்ரலில் பிரிட்டன் நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், முதல் உலகப் போருக்கு முந்தைய மதிப்பிலேயே பவுண்டை மீண்டும் தங்கத்தோடு பிணைத்தார். ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர். இது சுமார் 10 சதவீதம் அதிகம் என்று பொருளியலாளர் கெயின்ஸ் எச்சரித்தார். பவுண்டு ஏறியதும் வெளிநாட்டுச் சந்தையில் பிரிட்டன் நிலக்கரியின் விலையும் ஏறியது. பழைய விலைக்கு விற்க வேண்டுமானால் செலவைக் குறைக்க வேண்டும். சுரங்கச் செலவில் பெரும்பங்கு கூலிதான்.

எல்லோர் கூலியும் குறைந்தால் விலைவாசியும் இறங்கிவிடும், யாருக்கும் நட்டமில்லை என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் எல்லோர் கூலியும் ஒரே நாளில் இறங்குவதில்லை. முதலில் விட்டுக்கொடுப்பவர் மற்றவர்களைவிடத் தாழ்ந்துபோகிறார். அவருடைய வீட்டு வாடகை அப்படியே நிற்கிறது. சுரங்கத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை மறுத்தது அறியாமையால் அல்ல.

ஒன்பது மாதம் மானியம் கொடுத்து அரசு மோதலைத் தள்ளிப்போட்டது. மானியம் தீர்ந்ததும், 1926 மே தொடக்கத்தில் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தனர். கூலியில் ஒரு பென்னி குறையக் கூடாது, வேலையில் ஒரு நிமிடம் கூடக் கூடாது என்றார் சுரங்கத் தொழிலாளர் சங்கப் பொதுச்செயலாளர் ஏ. ஜே. குக். ஆதரவாக எழுந்த பொது வேலைநிறுத்தம் 9 நாளில் முடிந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் பட்டினியோடு நவம்பர் வரை தாக்குப்பிடித்தனர். குறைந்த கூலிக்கும் கூடுதல் நேரத்துக்கும் திரும்பினர். இவ்வளவு பெரிய துன்பத்துக்குப் பிறகும் நாட்டின் சராசரிக் கூலி பெரிதாக இறங்கவில்லை. காப்பீடு பெற்ற தொழிலாளரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் வேலையின்றி இருந்தார்.

1931 செப்டம்பரில் அரசே சம்பளத்தைக் குறைத்தது. ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் நங்கூரமிட்டிருந்த கடற்படையில், நாளுக்கு 4 ஷில்லிங் வாங்கிய மாலுமிக்கு இனி 3 என்று செய்தி வந்தது. மேலதிகாரிகள் இழப்பதோ அவ்வளவு இல்லை. தொகையைவிட இந்த ஏற்றத்தாழ்வுதான் அதிகம் சுட்டது. மாலுமிகள் கப்பலை எடுக்க மறுத்தனர். வெட்டு 10 சதவீதத்தோடு நின்றது. சில நாட்களில், செப்டம்பர் 21 அன்று, பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டது. ஆண்டு முடிவதற்குள் பவுண்டின் டாலர் மதிப்பு கால்பங்குக்கும் மேல் சரிந்தது. அதற்காக யாருடைய சம்பள உறையிலும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.

1990களில் ட்ரூமன் பியூலி என்ற பொருளியலாளர், மந்தத்திலும் சம்பளம் ஏன் குறைவதில்லை என்று அமெரிக்க வடகிழக்கில் 300க்கும் மேற்பட்டோரிடம் நேரில் கேட்டார். முதலாளிகளின் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆட்குறைப்பு செய்தால் மனக்கசப்பு வெளியேறுபவரோடு வாசலைத் தாண்டிவிடும், சம்பளத்தைக் குறைத்தால் அது பட்டறைக்குள்ளேயே தங்கும், நல்ல வேலைக்காரர்தான் முதலில் வேறிடம் தேடிப் போவார்.