நகர மன்றமா, பிரசங்க பீடமா? அக்ரிகோலா விவாதம் எழுப்பிய கேள்வி

பத்துக் கட்டளைகளுக்கு உரிய இடம் நகர மன்றம், பிரசங்க பீடம் அல்ல. யொகான் அக்ரிகோலாவின் தரப்பு இப்படிச் சொல்வதாக 1530களின் பிற்பகுதியில் விட்டன்பர்க்கில் பேச்சு உலவியது. அக்ரிகோலா வெளியாள் அல்லர். மார்ட்டின் லூத்தர் பிறந்த ஐஸ்லேபனிலேயே பிறந்தவர்; அவரிடம் படித்தவர்; அவருடைய நண்பர். மனிதன் மனந்திரும்புவது நியாயப்பிரமாணத்தின் மிரட்டலால் அல்ல, சுவிசேஷம் காட்டும் தேவ அன்பால்தான் என்பது அவர் வாதம். அதற்கு லூத்தரின் பழைய எழுத்துகளையே சான்றாக வைத்தார்.

அவர் காட்டிய சான்று வலுவானதுதான். 1518இல் தம் குருவான ஸ்டௌப்பிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மெய்யான மனந்திரும்புதல் நீதியின் மீதும் தேவன் மீதும் கொள்ளும் அன்பில்தான் தொடங்குகிறது என்று லூத்தரே எழுதியிருந்தார். அப்படியானால் பின்னாளில் மனம் மாறியவர் யார், மாணவரா, ஆசிரியரா?

மாறியவர்கள் கேட்போர் என்பதே இக்கட்டுரையின் வாதம். 1518இல் லூத்தரின் முன்னால் நின்றவர்கள் நரக பயத்தில் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கியவர்கள். பத்தாண்டுகள் கழித்து, 1528–29இல் சாக்சனிச் சபைகளைப் பார்வையிடச் சென்றபோது அவர் கண்டது வேறு காட்சி: விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் தெரியாத மக்கள், கற்பிக்கத் தெரியாத போதகர்கள், சுவிசேஷத்தின் விடுதலையை மட்டும் சௌகரியமாக எடுத்துக்கொண்ட கூட்டம். 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளோடு தொடங்குவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். முன்பு நொறுங்கிப்போனவர்களிடம் பேசினோம், இப்போது கவலையற்றுத் திரிபவர்களிடம் பேசுகிறோம் என்ற பொருளில் 1538இல் லூத்தரே விளக்கமளித்தார்.

இதை வெறும் சமாளிப்பு என்று ஒதுக்கலாம். ஆனால் 1537 டிசம்பரில் தொடங்கிய பல்கலைக்கழக விவாதங்களில் அவர் ஒரு படி மேலே போனார். பாவத்தை உணர்த்துவது எதுவோ அது நியாயப்பிரமாணம். அது மோசேயின் கற்பலகையில் இருந்தாலும் சரி, கிறிஸ்துவின் பாடுகளில் இருந்தாலும் சரி. கர்த்தருடைய ஜெபத்திலும் அது உண்டு. தேவனுடைய நாமம் பரிசுத்தப்படவேண்டும் என்று ஜெபிப்பவன், அது தன்னால் இன்னும் பரிசுத்தப்படவில்லை என்று ஒப்புக்கொள்கிறான் அல்லவா? எனவே பழைய ஏற்பாடு நியாயப்பிரமாணம், புதிய ஏற்பாடு சுவிசேஷம் என்று பாகம் பிரிக்க வழியில்லை. ஒரே வசனம் ஒருவனை நொறுக்கலாம், இன்னொருவனைத் தூக்கி நிறுத்தலாம். பிரசங்க பீடத்திலிருந்து நியாயப்பிரமாணத்தைத் துரத்தினால் அது வேறு பெயரில் திரும்பி வரும் என்பதே அக்ரிகோலாவுக்கு அவர் தந்த மிகக் கூர்மையான பதில்.

அக்ரிகோலா 1540இல் பெர்லினுக்குப் போய் பிராண்டன்பர்க் அரசவைப் பிரசங்கியானார். லூத்தரன் சபைகள் 1577இன் இணக்க வாய்பாடு என்னும் விசுவாச அறிக்கையில் இந்தச் சிக்கலுக்கு இரண்டு பிரிவுகள் ஒதுக்கின. விசுவாசியின் வாழ்வை நெறிப்படுத்தும் மூன்றாம் பயனும் நியாயப்பிரமாணத்துக்கு உண்டு என்று அவற்றுள் ஒன்று வரையறுத்தது. கால்வினோ அந்த மூன்றாம் பயனையே தலையாயது என்றார்.

லூத்தரின் வழியிலும் ஓர் ஓட்டை உண்டு. நியாயப்பிரமாணத்தைச் சுவிசேஷத்திலிருந்து தனியே பிரித்து நிறுத்தினால், அதன் உள்ளடக்கத்தை நிரப்பப்போவது யார்? 1934 ஜூனில், அல்ட்ஹௌஸ், எலெர்ட் என்னும் இரு லூத்தரன் இறையியலாளர்கள் கையெழுத்திட்ட அன்ஸ்பாக் அறிக்கை அதற்கு அச்சமூட்டும் விடை தந்தது. குடும்பம், மக்களினம், இரத்த உறவு ஆகிய இயற்கை ஒழுங்குகளில் தேவனுடைய நியாயப்பிரமாணம் நம்மைப் பிணைக்கிறது என்றது. ஹிட்லருக்காகத் தேவனுக்கு நன்றியும் சொன்னது. அக்ரிகோலா நியாயப்பிரமாணத்தை நகர மன்றத்துக்கு அனுப்பப் பார்த்தார் என்றால், இங்கே நகர மன்றமே அதை எழுதிப் பிரசங்க பீடத்துக்கு அனுப்பியது.

இறையியலாளர் கார்ல் பார்ட் 1935இல் வரிசையைத் தலைகீழாக்கிச் சுவிசேஷத்தை முன்னும் நியாயப்பிரமாணத்தைப் பின்னும் வைத்தது இந்தச் சூழலில்தான். ஜெர்மனியில் பேச அவருக்குத் தடை இருந்ததால், பார்மனில் அவருடைய உரையை இன்னொருவர் வாசித்தார். வரிசை மாறியதால் அது அக்ரிகோலாவின் வெற்றி ஆகிவிடாது. அக்ரிகோலா கட்டளையைப் பீடத்திலிருந்து இறக்க நினைத்தார். பார்ட்டுக்கோ கட்டளை கிருபை எடுக்கும் வடிவம். அதனால், கிறிஸ்துவில் காணக் கிடைக்காத எந்தக் கட்டளைக்கும் தேவனுடைய பெயரைச் சூட்ட நகர மன்றத்துக்கு உரிமை இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தது.