கிறீன் முதல் நந்தி வரை: யாழ்ப்பாணத்து மருத்துவக் கல்வியில் எண்

யாழ்ப்பாணத்து மேனாட்டு மருத்துவக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் அதன் நூல்களையும் கலைச்சொற்களையும் விரிவாகப் பேசுவர். மருத்துவ மாணவர் எண்ணக் கற்ற வரலாறு அத்துணை கவனம் பெறவில்லை. அதனைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். இடையிற் சில ஆண்டுகள் தாயகம் சென்றிருந்தமை நீங்கலாக, 1873 வரை இங்கு தொண்டாற்றினார். மானிப்பாயில் உள்ளூர் மாணவரைப் பயிற்றிய அவர், பின்னாளில் தமிழையே போதனா மொழியாக்கினார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகளாகும். மனித உடலின் உறுப்புகள் தமிழிற் பெயர் பெற்றன.

அதே 1847 இல் வியன்னாவில் செம்மெல்வைஸ் என்பார், பிரசவ விடுதிக்கு வரும் மாணவர் குளோரின் கலந்த நீரிற் கைகழுவ வேண்டுமென விதித்தார். ஏப்ரலில் 100 தாய்மாருக்கு ஏறத்தாழ 18 பேர் இறந்த அவ்விடுதியில் யூன் மாதத்தில் 2 பேரளவினரே இறந்தனர். நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் அன்று அறியப்படவில்லை. இறப்புகளை எண்ணி ஒப்பிட்டமையே உண்மையை உணர்த்திற்று.

இத்தகைய ஒப்பீடு மானிப்பாயிற் பாடமாக வளராமைக்குக் கிறீனைக் குறைகூறல் முறையன்று. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867 இலும், முதலாவது பொதுக் குடிசன மதிப்பு 1871 இலுமே நிகழ்ந்தன. ஊரில் வாழ்வோர் தொகையே தெரியாதவிடத்து, அவருள் நோயுற்றோர் விகிதத்தைக் கணிப்பது எங்ஙனம்?

1978 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தோன்றியது. அதன் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய செ. சிவஞானசுந்தரம், 'மலைக்கொழுந்து' நாவலை எழுதிய நந்தியே ஆவார். மருத்துவ மாணவர்க்கும் இளம் மருத்துவர்க்கும் ஆராய்ச்சி முறையைக் கற்பிக்க 1999 இல் ஆங்கிலத்தில் 'லேர்னிங் றிசேர்ச்' என்னும் நூலை அவர் வெளியிட்டார். தனிமனிதரின் துயரைக் கதையாக்கியவரே பலரது துயரை எண்ணும் முறையையும் கற்பித்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

புள்ளிவிபரவியலைப் பரீட்சைக்கு மனனஞ் செய்யும் சூத்திரமாகக் கருதும் மாணவர் அதன் பயனை இழப்பர். ஒரு மருந்தை உண்ட 10 பேருள் 8 பேர் சுகமடைந்தால், மருந்தே சுகந்தந்தது என்று துணிய மனம் விழையும். மருந்துண்ணாதோருள் எத்தனை பேர் சுகமடைந்தனர், வைத்தியசாலைக்கே வராதோர் எத்தனை பேர் என்று வினவுவது இவ்வியல். மருத்துவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளாதிருக்க அது காவலாகும்.

இங்கு மொழியும் மீண்டும் முன்வருகிறது. ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதினும், கிராமத்து மக்களிடம் வினாக்களைத் தமிழிலேயே கேட்டல் வேண்டும். 'உட்காய்ச்சல்' என்று ஒருவர் கூறுவதை வெப்பமானி காட்டும் காய்ச்சலாகப் பதிந்தால், பின்வரும் கணக்கு எத்துணை நுட்பமாயினும் பிழையே தரும். சொல்லைத் தேடிய கிறீனின் உழைப்பும், எண்ணக் கற்பித்த நந்தியின் உழைப்பும் ஒருவரிடத்தே கூடும்போதுதான் எம்மண்ணின் மருத்துவ ஆராய்ச்சி எம்மக்களை உள்ளவாறு அறியும்.