விருத்தாசலம்

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்கு மேற்கே மணிமுத்தாற்றங்கரையில் உள்ள பழைய ஊர், ரயில் சந்திப்பு. தேவாரத்தில் இதன் பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்றும் வழங்கும். இன்றைய பெயர் அதன் வடமொழியாக்கம். பெயரில்தான் குன்று உண்டு, ஊரில் காணோம்; மண்ணுக்குள் அழுந்திவிட்டதாகத் தலபுராணம் சொல்லும். இங்குள்ள சிவன் கோயிலில் ஆழத்துப் பிள்ளையாரைப் படியிறங்கிப் பார்க்கும்போது அந்தக் கதை அவ்வளவு பொய்யாகத் தோன்றாது.

சம்பந்தரும் அப்பரும் பாடியிருப்பதால் 7ஆம் நூற்றாண்டிலேயே இங்குக் கோயில் இருந்தது உறுதி. அது செங்கல் கட்டடமாக இருந்திருக்கலாம் என்பர். சுந்தரர் இங்குப் பெற்ற 12,000 பொன்னை ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகக் கதை.

கற்றளி எழுப்பியவர் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவி. இளமையிலேயே கணவரை இழந்த இந்த அரசி, மகன் உத்தம சோழன் காலத்தில் (970–985) பல ஊர்ச் செங்கல் கோயில்களைக் கல்லாக்கினார். உத்தமனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, விமானம், ஸ்நபன மண்டபம், கோபுரம், திருச்சுற்று, பரிவார ஆலயங்கள் எல்லாம் அவர் செய்வித்தவை என்கிறது. கருவறைச் சுவர் மாடங்களில் தெய்வ உருவங்களை நிறைப்பது அவர் கட்டிய கோயில்களின் முத்திரை. ஒரு பாதி ஆணும் ஒரு பாதி பெண்ணுமான அர்த்தநாரி அவற்றுள் ஒன்று.

இங்குள்ள 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று காடவர் என்ற சிற்றரசர்களின் குலவரிசையைத் தருகிறது. அம்மனைப் பற்றியும் ஒரு கதை உண்டு: குரு நமசிவாயர் என்னும் அடியவர் பசியோடு அவளைக் கிழத்தி என்று பாட, 'கிழவி எப்படிச் சோறு கொண்டுவருவாள்?' என்று அவள் கேட்டாளாம். இளமையாக்கிப் பாடிய பிறகே சோறு வந்தது. விருத்தாம்பிகையோடு பாலாம்பிகையும் இங்கிருப்பதற்கு இதுவே காரணம் என்பர்.

 மாசிமகத்தில் ஆற்றங்கரையில் கூட்டம் நெரியும். பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயிலில் குறைகளைப் பிராதாக எழுதிக் கட்டுவார்கள். குறை தீர்ந்தால் 'ராஜினாமா' கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்.

விருத்தாசலம் கோயிலிலிருந்து திருடுபோன அர்த்தநாரி சிலை 2004இல் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விலைபோயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் அடையாளம் காட்ட, 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியது. அதேபோல் இங்கிருந்து திருடுபோன பிரத்தியங்கிரா சிலை கான்பெராவிலிருந்து 2016இல் ஒப்படைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.