விண்வெளிக்குப் போன பானுமதி

எம்.ஜி.ஆர். ரசிகர்களிடம் 1963-ஆம் ஆண்டுப் படங்களைக் கேட்டால் ‘பெரிய இடத்துப் பெண்’, ‘பணத்தோட்டம்’, ‘பரிசு’ என்று அடுக்குவார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ‘கலை அரசி’ பலருக்கு நினைவில் இராது.

விஞ்ஞானத்தில் கொழித்து, கலையில் வறண்டுபோன ஒரு கிரகம். அங்கிருந்து வரும் நம்பியார், பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி, பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். தேடிக்கொண்டு எம்.ஜி.ஆரும் போகிறார். இயக்கம் ஏ. காசிலிங்கம், இசை கே.வி. மகாதேவன். யூரி ககாரின் விண்ணுக்குப் போய் அப்போது இரண்டே ஆண்டு. வேற்றுக்கிரகவாசியை வைத்து சத்யஜித் ராய் திரைக்கதை எழுதியதே 1967-இல்தான், அதுவும் படமாகவில்லை. நம்பியார் முந்திக்கொண்டார்! செட்டைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் சிரிக்கட்டும். பெரியவர்களின் கதாநாயகனை வைத்துச் சிறுவர் கதை சொன்ன துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது.

சேகரிப்பாளர்கள் இத்தகைய படங்களின் காகிதங்களைத் தேடுகிறார்கள்: போஸ்டர், நோட்டீஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டுப் புத்தகம். மட்டமான தாளில் அச்சிட்டு, கொட்டகை வாசலில் சில்லறைக்கு விற்றவை அவை. கதைச் சுருக்கம் முக்கியமான கட்டத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். அந்தக் குறும்புக்காகவே வாங்கலாம். பிரதியே மிஞ்சாத பழைய படங்கள் பலவற்றுக்கு இந்தப் புத்தகம்தான் சாட்சி. திரைத் தகவல் சேகரிப்பாளர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்ததைத் தமிழக அரசே வாங்கிக்கொண்டது.

மலேசியாவில் நம் பக்கம் நிலைமை வேறு. சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். லயத்தைக் காலி செய்தவர்கள் பாய், பாத்திரத்தை எடுத்தார்கள். பாட்டுப் புத்தகத்தை யார் எடுப்பார்? தப்பியதைக் கரையானும் லூமுட்டின் உப்புக்காற்றும் பார்த்துக்கொண்டன.

ஆகவே லூமுட் வாசகர்களே, பேப்பர் லாமா லோரி வரும்போது தாத்தாவின் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பாட்டுப் புத்தகம் கிடைத்தால் கிழிசலில் டேப் ஒட்டாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள்.