கிணறு இல்லாத மலை

ஆற்றங்கரைக்குக் கூட்டிச் சென்றால் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு அலறும் குழந்தையைக் கண்டு நாம் நகைத்துவிட்டுப் போகிறோம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பூர்வ கதையைச் சற்றே அறிந்தவர்களுக்கோ, அந்த அலறல் குழந்தைக்கு மாத்திரம் உரியது அன்று என்றும், அதன் பாட்டனும் பாட்டியும் சமுத்திரம் கடந்து வந்த நாளில் துணிமூட்டையோடு சேர்த்துக் கொண்டுவந்த சொத்தின் ஒரு பங்கு என்றும் தோன்றாமற் போகாது.

1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் மலேயாவில் பகாங்கின் மலைத்தொடரிடையே கண்டு சொன்ன இம்மேட்டு நிலம், அதன்பின் நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் காடாகவே கிடந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-இல் 'போ' என்னும் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து ஏறும் சாலை 1931-இல் முடிந்தது. இங்கே கொழுந்து கிள்ள வந்த தமிழர்கள், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் காத்துக் கிடந்து, ரஜூலா முதலிய கப்பல்களின் டெக்கில் நெருக்கியடித்துப் படுத்து, பினாங்கை அடைந்தபின் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைபட்டு, பிறகே கரையேறிய ஜனங்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தை 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரையில் அந்த வழி திறந்தே இருந்தது. கரை தெரியாத நீரைப் பல நாள் இரவும் பகலும் பார்த்திருந்தவள் ஒருத்தி, பின்னாளில் தன் பிள்ளையை ஓடைப் பக்கம் விடாமல் தடுத்தால் அதில் வியப்பென்ன?

ஆயினும் இவர்கள் நீச்சல் அறியாத பரம்பரையினர் அல்லர். சேலத்திலும் திருச்சியிலும் வட ஆர்க்காட்டிலும் கமலை இறைத்த கிணறுகளே சிறுவர்களுக்கு நீச்சற் பள்ளிகளாக இருந்தன. ஆறேழு வயதுப் பையனின் இடுப்பில், உலர்ந்த கலியாண முருங்கைக் கட்டையையோ சுரைக்குடுக்கையையோ கயிற்றால் கட்டி, தகப்பனோ தாய்மாமனோ முதலில் தாம் இறங்கி, பிள்ளையின் வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, "காலை அடி, காலை அடி" என்று சொல்லிக்கொண்டே கிணற்றைச் சுற்றி வருவார்கள். சில நாள் சென்றதும் கட்டை சிறுத்துவிடும். அதற்கும் பின்னால் ஒருநாள், பையன் அறியாமலே கயிறு நெகிழ்ந்திருக்கும். தான் ஏந்தப்படாமலே மிதக்கிறோம் என்று அவன் கண்டுகொள்ளும் அந்தக் கணத்தில்தான் பீதி கழிகிறது. அடுத்த வாரம் துலாக்கல்லின் மேலிருந்து குதிக்கிறவனும் அவனே. கதறக் கதறப் பிள்ளையைத் தூக்கி எறிந்து பழக்கிய முரடர்களும் ஊருக்கு ஊர் உண்டு. அந்த முறையை நான் ஒருபோதும் மெச்சமாட்டேன். கையைக் கொடுத்துப் பிறகு கையை எடுப்பதில்தான் அந்தக் கலையின் நுட்பமெல்லாம் அடங்கியிருந்தது.

இந்தக் கலைக்கு வேண்டியவை இரண்டு: நான்கு சுவருக்குள் நிற்கின்ற ஆழ்ந்த நீர், அதில் பிள்ளையோடு இறங்க ஓய்வுள்ள ஒரு பெரியவர். மலைத்தோட்டத்தில் இரண்டுமே அரிதாயின. ஓடைகளுக்குக் குறைவில்லை; ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பூமி இது. ஆனால் அவை கல்லில் மோதி ஓடும் நீர், எலும்பைக் குத்தும் குளிர்ந்த நீர். உச்சியில் மழை பெய்தால், அடிவாரத்தில் வெயில் காயும்போதே, மலாய்க்காரர் 'கெப்பாலா ஆயேர்' என்று சொல்லும் வெள்ளத்தின் தலை திடீரென்று வந்து இறங்கும். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்விடும் தாயும் தகப்பனும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்ல, "ஆத்துப் பக்கம் போவாதே" என்ற ஒரு வாக்கியமே அதற்குக் காவலாயிற்று. கிணற்றில் குதித்து வளர்ந்தவனின் பேரன் முழங்கால் நீருக்கு அஞ்சுகிறவனாக வளர்ந்தது இவ்வாறுதான் என்பது என் கணிப்பு. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு 1963-இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. தெலோம் ஆற்றின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கவழியே பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டது. அதுவரை ஓடக் கண்ட நீர் அங்கே ஏரியாய் நின்றது. மலைக்கும் ஆழ்ந்த நீர் வந்துவிட்டது. ஆனால் அது குழந்தைகளுக்கான நீர் அன்று. இங்கிருந்து சுரங்கவழியே பேராக் பக்கம் இறங்கி மின்சாரமாகும் நீர். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஓர் இரவில் அந்த அணை திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்து உயிர்கள் மாண்டபோது, பாட்டிமார் சொல்லிவந்த அந்த ஒற்றை வாக்கியம் வீண்பேச்சு அன்று என்பதை மலைமுழுதும் உணர்ந்தது.

ஆகவே, இம்மலையில் பிள்ளையின் பயத்தை நீக்க முயலும் பெரியவரின் வேலை கிணற்றடி மாமன் வேலையைக் காட்டிலும் கடினமானது. மேலே மேகம் திரண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; நீரின் நிறம் கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும்; பாறை வளைத்த சிறு மடுவாகத் தேர்ந்து, குளிரைப் பொறுத்துத் தாம் முதலில் இறங்க வேண்டும். பின்பு, கரையில் நின்று தேம்பும் அந்தப் பிள்ளையை நோக்கி, பழைய கிணற்றில் நீட்டப்பட்ட அதே உள்ளங்கையை நீட்ட வேண்டும்.