ரகுநாதன் எழுதிய புதுமைப்பித்தன்

1948 ஜூன் 30 அன்று புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். வயது 42. எங்க இரணியலும் அப்போ திருவிதாங்கூரில்தான் இருந்தது. திருவனந்தபுரம்தான் நமக்கும் தலைநகர். திருநெல்வேலிக்காரர் அங்கே எப்படி வந்தார்? மனைவி கமலாவுக்கு அதுதான் சொந்த ஊர். தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போனவர், நோய் முற்றி அங்கே திரும்பினார்.

கடவுளையே சென்னைக்குக் கூட்டி வந்து, ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாதாரர் ஆக்கிவிட்ட மனுஷன் அவர். தமிழில் நையாண்டி என்றால் முதலில் ஞாபகம் வரும் பெயர். அப்படிப்பட்டவருக்கு யார் வாழ்க்கை வரலாறு எழுதுவது?

எழுதியவர் தொ.மு.சி. ரகுநாதன். 1923-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். புதுமைப்பித்தனைவிட 17 வயது இளையவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். பிறகு சென்னையில் 'சக்தி' பத்திரிகையில் வேலை. புதுமைப்பித்தனோடு நெருங்கிப் பழகியது சில வருஷங்கள்தான். ஆனால் நண்பர் இறந்து மூன்றே வருஷத்தில், 1951-ல், 'புதுமைப்பித்தன் வரலாறு' வெளிவந்துவிட்டது. எழுதியவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். செத்துப்போன நண்பரைப் பற்றி எழுதும்போது குறைகளை மூடிவிடுவது நம்ம வழக்கம். ரகுநாதன் அதைச் செய்யவில்லை. 'சமாதி', 'நொண்டி', 'பயம்', 'கொலைகாரன் கை' முதலிய கதைகள் மாப்பசானின் தழுவல்கள் என்று அவரே குறித்து வைத்தார். இது சாதாரண விஷயம் இல்லை. தழுவலைக் கடுமையாகத் தாக்கி, கல்கியோடு சண்டை போட்டவர் புதுமைப்பித்தன். மொழிபெயர்ப்புதான் நேர்மையான வழி என்பது அவர் கட்சி. அவரைக் குத்துவதற்கு இதைவிடக் கூரான ஆயுதம் கிடைக்காது. அதை நண்பரே எடுத்து மேசைமேல் வைத்தார்.

இன்றைக்கும் தழுவல் பேச்சு வந்தால் இந்தப் பட்டியலும் கூடவே வரும். அதனால் ரகுநாதன் நண்பரைக் கைவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நடுவில் அவர் எவ்வளவோ வேலை பார்த்தார்: 'பஞ்சும் பசியும்' நாவல், 'சாந்தி' இதழ், கார்க்கியின் 'தாய்' மொழிபெயர்ப்பு, 1983-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற 'பாரதி: காலமும் கருத்தும்'. இத்தனைக்கும் பிறகு, 1999-ல், எழுபத்தைந்து தாண்டிய வயதில் திரும்பவும் பழைய நண்பரிடமே வந்தார். அந்தப் புத்தகத்தின் பெயர் 'புதுமைப்பித்தன் கதைகள்: சில விமர்சனங்களும் விஷமத்தனங்களும்'. விமர்சனம் வேறு, விஷமம் வேறு என்று தலைப்பிலேயே பிரித்துவிட்டார் பாருங்க. குறையை முதலில் தானே சொன்னவர் என்பதால், இப்படிப் பிரித்துப் பேச அவருக்கு முழு உரிமை இருந்தது.

2001 டிசம்பர் 31 அன்று ரகுநாதன் காலமானார். அவர் சேர்த்த புத்தகங்கள் எட்டயபுரத்தில் அவர் பெயரிலேயே நூலகமாகியிருக்கின்றன. புதுமைப்பித்தன் வாழ்ந்தது 42 வருஷம். ரகுநாதன் அவரைச் சுமந்தது அதைவிட அதிகம். கதைகளை ஏற்கெனவே படித்தவர்கள் இந்த வரலாற்றையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை படியுங்கள்.